வளை வாயில் சிலந்தி வலை

வணக்கம் மக்களே. இப்போது நான் நிற்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில். இங்கே இருக்கும் முதலைப் பண்ணைக்கு உங்களில் பலர் வந்திருப்பீர்கள். முதலையைப் பார்த்து, பாம்பிடம் விஷம் எடுப்பதையும் பார்த்து, வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பீர்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான். அந்தப் பாம்பைப் பிடித்தது யார் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

இருளர் பழங்குடிகள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் வியாபாரமும் படுத்துவிட்டது. தெரிந்த ஒரே தொழில் குற்றமாகிவிட்டால் என்ன செய்வது? 1978-இல், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் கூட நின்று உதவ, கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தோலுக்குப் பதில் விஷம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கும்தான். விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் இதுதான். உள்ளே வரிசையாக மண்பானைகள், வாயில் துணிக்கட்டு. குவளை மேல் இழுத்துக் கட்டிய சவ்வைப் பாம்பு கடிக்கிறது, அடியில் மஞ்சளாகச் சில சொட்டு. சில முறை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

சரி, நான் காட்ட வந்தது பானையை இல்லை.

இதோ, ஒரு பெரியவரோடு வரப்பில் நடக்கிறேன். பாம்பு பிடிக்க அனுமதி வேண்டும், அதனால் இன்றைக்குப் பார்ப்பது மட்டும்தான். இந்த வளையைப் பாருங்கள். எனக்கு வெறும் ஓட்டை. அவர் குனிந்து ஒரு நொடி பார்த்தார். “வாசல்ல சிலந்தி வலை அறுபடாம இருக்கு. உள்ள ஆள் இல்ல.” அடுத்தது: வாசலில் ஈரமண் கொட்டிக் கிடக்கிறது. “எலி, ராத்திரி தோண்டினது.” மூன்றாவதில் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் சட்டையைப் பிடித்து ஓரடி பின்னால் இழுத்தார்.

இந்தக் கண்ணை நம்பித்தான் 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்பு! 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. நமக்குப் பெருமைதான், ஸ்டேட்டஸ் வைத்தோம், மறந்தோம்.

பெரியவரிடம் கேட்டேன், “பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களாய்யா?”

“சொல்லித் தரலாம் தம்பி. எங்க கூட்டிட்டுப் போறது?”

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். வரப்பு இங்கேயே முடிகிறது. அதற்கு அப்பால் வரிசையாக நட்ட கல், மஞ்சள் பெயிண்ட், மனை எண். புதரையெல்லாம் வழித்துச் செம்மண் கொட்டியிருக்கிறார்கள். போன வருஷம் இதே இடத்தில் கண்ணாடி விரியன் பார்த்தாராம். என் வீடியோ இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொல்லாதீர்கள், ப்ளீஸ். வீடியோவில் வளை தேட முடியாது.

அவர் பாட்டுக்குக் கல்லுக்கு நடுவே குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே போகிறார். இருங்க, வாட்ச்மேன் கை காட்டுகிறார்... “அண்ணா, சும்மா பாக்கத்தான் வந்தோம்!” கேமராவை இறக்கச் சொல்கிறார்.