சர் தாமஸ் சரி, சர் மன்றோ தப்பு
(குன்னூரில் சுற்றுலா வழிகாட்டிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். லேடி கானிங்ஸ் சீட் காட்சிமுனைக்கு நாள்தோறும் ஆள் கூட்டிப்போகிற உங்களிடம் அந்த இடத்தைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்? அதனால் பெயரின் முன்னால் நிற்கிற 'லேடி'யை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கவர்னர் ஜெனரல் கானிங் பிரபுவின் மனைவி சார்லட், 1858-இல் குன்னூரில் தங்கியவர். அவரை லேடி கானிங் என்றால் சரி. 'லேடி சார்லட்' என்று சொல்லக் கேட்கிறேன், அது தப்பு. சொந்தப் பெயரோடு லேடி சேர்வது டியூக், மார்க்விஸ், ஏர்ல் என்ற உயர்ந்த பிரபுப் பட்டங்கள் உள்ளவர்களின் வீட்டில் பிறந்த பெண்களுக்குத்தான். இவருடைய அப்பாவின் பட்டம் பாரன் (Baron), அதற்குக் கீழ்ப்படி. இவருக்கு லேடி வந்தது புகுந்த வீட்டு வழியில், ஆகவே புகுந்த வீட்டுப் பெயரோடுதான் ஒட்டும்.

'சர்' பட்டம் இதற்கு நேர் எதிர். சொந்தப் பெயர் இல்லாமல் அது நிற்காது. 1826-இல் ஊட்டிக்கு வந்த சென்னை கவர்னரை சர் தாமஸ் மன்றோ எனலாம், சுருக்கமாக சர் தாமஸ் எனலாம். சர் மன்றோ என்று மட்டும் சொல்லக்கூடாது. அவர் மனைவியோ லேடி மன்றோ, லேடி ஜேன் அல்ல. நம்மூர்ப் பெயர்களில் இந்த விதி கொஞ்சம் திண்டாடும். சி.வி. ராமனின் முதல் எழுத்து அப்பா சந்திரசேகர ஐயருடையது, சொந்தப் பெயரோ கடைசியில் இருக்கிறது! பேசாமல் 'சர் சி.வி. ராமன்' என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

பட்டம் எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகளை எழுதிவைத்த நெவில் சேம்பர்லின் அப்போது இளம் ராணுவ அதிகாரி. 'சர்' பல வருடம் கழித்துத்தான் வந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு ஆள், அவர் கடைசிவரை சர் ஆகவே இல்லை. இரண்டு பேரையும் ஒருவராக்கிக் கதை சொல்பவர்கள் உண்டு, இந்த அறையில் யாரும் இல்லை என்று நம்புகிறேன்.

ஊட்டியை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனுக்கும் 'சர்' கிடையாது. மரியாதைக்காகக்கூடச் சேர்க்காதீர்கள்.

அப்புறம், உங்கள் வண்டியில் ஏறும் வெள்ளைக்காரருக்குப் பட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாவிட்டால், வழக்கமான 'சார்' போதும்.