அந்த அம்மாவால வேண்டாம்னு சொல்ல முடியுமா

வணக்கங்க. ஒரு ஊர்ல பஞ்சம்னு ஐநா அறிவிக்குதுன்னா யாரோ பாத்து மனசு கேக்காம சொல்றது இல்ல, அதுக்குக் கணக்கு இருக்கு. நூறு குழந்தையில முப்பது பேராவது ஊட்டச்சத்து இல்லாம மெலிஞ்சு போயிருக்கணும், பத்தாயிரம் பேருக்கு தினம் ரெண்டு பேர் செத்திருக்கணும், நூறு வீட்டுல இருபது வீட்டுக்காவது சாப்பாட்டுக்கு வழியே இருக்கக் கூடாது. 2011 ஜூலை 20 அன்னைக்கு தெற்கு சோமாலியாவுல ரெண்டு பகுதியில பஞ்சம்னு அறிவிச்சாங்களே, அதுக்குப் பின்னாடி இருந்ததும் இந்தக் கணக்குதான். அத எடுக்கறதுக்கு சர்வே டீம் வீடு வீடா போய் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்கள எடை போட்டு, உயரம் பாத்து, புஜத்துல டேப்ப சுத்தி அளப்பாங்க, அது 115 மில்லிமீட்டருக்குக் கீழ போனா டேப்புல சிவப்பு, அதாவது குழந்தை ஆபத்தான அளவுக்கு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

அளக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சம்மதம் கேக்கணும், கேக்கறாங்க. ஆனா தராசும் பேட்ஜுமா வந்து நிக்கறவங்கள பாத்தா ரேஷன் குடுக்கற ஆளுங்கன்னுதானே தோணும், பசியில இருக்கறவ எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவா? அதனாலதான் அளக்க விடலன்னாலும் ரேஷன் குறையாது, விட்டாலும் அதிகமாகாதுன்னு முதல்லயே சொல்லச் சொல்றாங்க, அத கடகடன்னு ஒப்பிச்சுட்டுப் போனா என்ன பிரயோஜனம். ஊர விட்டு வந்தவங்க தங்கியிருக்கற கேம்ப்னா, அதோட தலைவர் சரின்னுட்டார்னு நேரா உள்ள போறதும் நடக்கும், அவர் சரின்னது கேம்புக்குள்ள வர்றதுக்குத்தான், குழந்தைய அளக்கறதுக்கு இல்ல. கையெழுத்து வேற கேட்டா சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவங்க இன்னும் மிரளுவாங்க, வாயால சொன்னா போதும்.

இன்னொன்னு இருக்கு, எனக்கு ரொம்ப உறுத்தறது. எடை பாத்த கையோட இந்த மூணு மாசத்துல உங்க வீட்டுல யாராவது இறந்தாங்களா, எத்தன வயசுன்னும் கேப்பாங்க. அது இல்லாம சாவுக் கணக்கு வராது, வாஸ்தவம்தான், ஆனா புள்ளைய புதைச்சுட்டு வந்தவகிட்ட கேட்டுட்டு அடுத்த கூடாரத்துக்கு நகர்றாங்க பாருங்க, அந்தக் கேள்வி வரப்போகுதுன்னு சம்மதம் கேக்கும்போதே சொல்லிடணும், அதுக்கு மட்டும் பதில் வேண்டாம்னா விட்டுடணும்.

சரி, குழந்தைக்கு சிவப்பு வந்துடுச்சு, எங்க அனுப்புறது? சோமாலியாவுல 2010 ஜனவரியிலயே உலக உணவுத் திட்டம் தெற்குல பெரும்பகுதிய விட்டு வெளியேறிடுச்சு, 2011 நவம்பர்ல அங்க பெரும்பகுதிய கையில வெச்சிருந்த அல்-ஷபாப்ங்கற ஆயுதக் குழு இன்னும் பதினாறு அமைப்புகளத் தடை பண்ணிச்சு, இந்த நிலைமையில சீட்டு எழுதிக் குடுத்தா எந்த சிகிச்சை சென்டருக்குப் போவாங்க? அதுக்காக அளக்காமலே இருக்கலாமான்னு கேட்டீங்கன்னா, அதுவும் முடியாதுங்க. 2010 கடைசியில இருந்தே எச்சரிக்கை வந்துட்டுதான் இருந்துச்சு, ஆனா பஞ்சம்ங்கற அறிவிப்பு வந்தப்புறம்தான் பணம் வேகமா வந்துச்சு, அதுக்குள்ள எத்தனையோ பேர் போயிட்டாங்க. அந்தப் பஞ்சத்துல மொத்தம் சுமார் 2,58,000 பேர் செத்ததா பின்னாடி மதிப்பிட்டாங்க, அதுல பாதிக்கு மேல அஞ்சு வயசுக்குக் கீழ.

அதனால அளக்கணும், ஆனா இது உங்க குழந்தைக்கு நல்லதுன்னு சொல்லி சம்மதம் வாங்கக் கூடாது. இந்த எண்ணால உதவி வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் உங்களுக்கே வரும்னு இல்லன்னு உள்ளத சொல்லிட்டுக் கேளுங்க. கிட்டத்துல சென்டர் இல்லன்னு தெரிஞ்சா மெலிஞ்ச குழந்தைங்களுக்கு மருந்து மாதிரி குடுக்கற வேர்க்கடலை பேஸ்ட் பாக்கெட்டயும் அத குடுக்கத் தெரிஞ்ச நர்ஸையும் சர்வே வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க, அதுக்கு பட்ஜெட் இல்லன்னு சொல்ற திட்டத்துக்கு கையெழுத்து போடாதீங்க.