ரௌட்டர் கேட்கும் முதல் கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

புது ரௌட்டரை வாங்கி வந்து, கரண்ட் கொடுத்து, செல்போனில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறோம். 'உங்கள் இணைப்பு எந்த வகை?' என்றுதான் அது முதலில் கேட்கும். டைனமிக் ஐபி, ஸ்டேட்டிக் ஐபி, பிபிபிஓஈ (PPPoE) என்று மூன்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஐபி என்பது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண். பலர் இங்கேதான் தடுமாறி எதையோ ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். நெட் வராது. ரௌட்டர் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரௌட்டர் நன்றாகத்தான் இருக்கும்.

ஸ்டேட்டிக் ஐபியைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். அது நாம் கேட்டு வாங்கும் நிலையான எண். பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. ஐபி எண், அதோடு ரௌட்டரில் தட்ட வேண்டிய சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எண்கள் எல்லாவற்றையும் இணைப்புத் தரும் நிறுவனமே எழுதிக் கொடுத்திருக்கும். அப்படி ஒன்றும் வாங்கவில்லை என்றால் இது உங்களுக்கு இல்லை.

பிபிபிஓஈ என்பது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகும் முறை. தொலைபேசியில் டயல் செய்து நெட் பார்த்த காலத்துப் பழக்கத்தை பிராட்பேண்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1999இல் அதற்கான விதிமுறை வெளியானது. நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் இன்றும் நிறையப் பார்க்கலாம். இந்த பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். வைஃபை பாஸ்வேர்டை நாமே வைத்துக்கொள்கிறோம், வேண்டும்போது மாற்றுகிறோம். இதுவோ நிறுவனம் கொடுப்பது. இணைப்புத் தந்த அன்று லைன்மேன் தட்டிவிட்டுப் போயிருப்பார், நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

என் அத்தை வீட்டில் ஒருநாள் நெட் மெதுவாக வந்தது. ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திவிட்டார். அது ரீசெட் பொத்தான். உள்ளே இருந்த பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோயின. அவற்றைக் கேட்டு நிறுவனத்துக்கு இரண்டு நாள் போன் செய்தோம். கிடைத்ததும் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தேன். நீங்களும் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.

டைனமிக் ஐபி என்றால் எதையும் தட்ட வேண்டாம். கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி ஐபி எண்ணைத் தானாகவே கொடுத்துவிடும்.

சரி, நம் வீட்டில் எது? பில்லில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஃபைபர் வந்து நுழையும் சிறு பெட்டியைப் பாருங்கள். ஓஎன்யூ அல்லது ஓஎன்டி என்பார்கள். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். உடனே நெட் வந்தால், பயனர் பெயர் கொடுத்து உள்ளே நுழையும் வேலை இருந்தாலும் அதை அந்தப் பெட்டியே செய்துவிடுகிறது என்று அர்த்தம். நிறுவனம் பயனர் பெயர் கொடுத்திருந்தாலும், உங்கள் புது ரௌட்டரில் தேர்ந்தெடுக்க வேண்டியது டைனமிக் ஐபிதான். மிக அதிகமான குழப்பம் இங்கேதான் நடக்கிறது. பயனர் பெயர் இருக்கிறதே என்று புது ரௌட்டரிலும் பிபிபிஓஈ வைத்தால் இணைப்பு கிடைக்காமல் போகலாம். நேராகச் செருகியும் நெட் வரவில்லை, பெட்டியில் சிவப்பு விளக்கும் எரியவில்லை என்றால், பெரும்பாலும் பிபிபிஓஈ. சிவப்பாக எரிந்தால் ஃபைபரிலேயே கோளாறு. அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும்.

இன்னும் சில சிக்கல்கள் உண்டு. பெட்டி, ரௌட்டர் இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டால் மோதும், ரௌட்டரில் 192.168.2.1 என்று மாற்றுங்கள். பழைய ரௌட்டரின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, நிறுவனம் பதிந்து வைத்திருந்தால் புதியதை ஏற்காது. போன் செய்து மாற்றச் சொல்லலாம், இல்லையென்றால் புது ரௌட்டரில் பழைய எண்ணை நகலெடுத்துக் காட்டும் மேக் குளோன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில இணைப்புகளுக்கு, ஒரே கம்பியில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் விலேன் (VLAN) எண் வேண்டும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிபிபிஓஈயில் எல்லாம் சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், ரௌட்டரில் எம்டியு (MTU), அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, 1492 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான 1500 பைட்டில் 8 பைட்டை இந்த முறை தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது.

பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் வேன் (WAN) துளையில்தான் செருக வேண்டும். பல ரௌட்டர்களில் அது மட்டும் வேறு நிறத்தில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.