மூச்சுக்கு வழிவிடும் ஒரே சோடி

வணக்கம் நேயர்களே. விடிய விடியக் கோவலன் கூத்துப் பாடியவர்களை அடுத்த நாள் கண்டிருப்பீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லவும் சத்தம் வராது. தொண்டை கட்டிவிட்டது என்று கையால் காட்டுவார்கள். அந்தத் தொண்டைக்குள் வேலை செய்யும் சின்னஞ்சிறு தசைகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கழுத்தின் முன்பக்கம் விரலை வையுங்கள். புடைத்து நிற்பது தைரொயிட் கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. அதற்குச் சற்றுக் கீழே மோதிரம்போல இருப்பது கிரிக்கொயிட். இரண்டுக்கும் நடுவில் சிறு பள்ளம் இருக்கும். அதில் விரலை வைத்தபடி, 'ஈ' என்று தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல உச்சத்துக்குப் போங்கள். பள்ளம் ஒடுங்குவதை உணரலாம். அங்கே சுருங்குவது கிரிக்கோதைரொயிட் தசை. அது குரல் நாண்களை, அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து சத்தம் தரும் இரு மடிப்புகளை, இழுத்து நீட்டுகிறது. நாண் இறுக இறுகச் சுருதி ஏறும். பேசும்போது ஆண்களின் நாண்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 தடவை அதிரும். பெண்களுக்கு 200 அளவில். கூத்தில் குரலை உச்சத்தில் எடுத்துப் பாடுகிறவருக்கு இந்தத் தசை இரவு முழுக்க ஓயாது.

நாண்களை நெருக்கி மூடுவதற்குப் பல தசைகள் உண்டு. பக்கத்திலிருந்து ஒன்று தள்ளும், பின்னாலிருந்து இன்னொன்று சேர்த்துப் பிடிக்கும், நாணுக்குள்ளேயே ஓடுவதும் ஒன்று. நாம் விழுங்கும்போது தண்ணீரும் சோறும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காப்பதும் இந்த மூடல்தான். உண்மையில் குரல்வளையின் முதல் வேலை அதுவே. பேச்சும் பாட்டும் அதற்குப் பிறகு வந்தவை.

ஆனால் திறப்பதற்கு? பின்பக்கமாக இருக்கும் ஒரே ஒரு சோடித் தசை. நாம் மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது நாண்களை இரட்டைப் படலைபோல இரு பக்கமும் விலக்குகிறது. அதற்குப் பதில் ஆள் கிடையாது. இரு பக்கமும் அது செயலிழந்தால் நாண்கள் நடுவிலேயே நின்றுவிடும். அப்போது குரல் பெரிதாகக் கெடாமலே இருக்கலாம், மூச்சுத்தான் திணறும். 'நன்றாகத்தானே கதைக்கிறார்' என்று வீட்டார் ஏமாந்துபோவது இதனால்தான்.

அடுத்தது நரம்பு. கிரிக்கோதைரொயிட்டைத் தவிர நான் சொன்ன தசைகள் எல்லாவற்றையும் இயக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவுக்குக் கீழாகச் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. வலப்பக்க நரம்பு தோளுக்குப் போகும் நாடியைச் சுற்றித் திரும்புகிறது. இரண்டும் தைரொயிட் சுரப்பியை உரசியபடிதான் மேலே வருகின்றன. ஆகவே நுரையீரலில் புற்றுநோய் வந்தாலும், நெஞ்சுக்குள் நிணநீர்க் கட்டிகள் பெருத்தாலும், முதலில் குரல் கரகரக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரைக்கேறலாம். சுருட்டுப் பிடிப்பவர்களும் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

தடிமன், கூத்து, திருவிழாவில் கத்தியது – இவற்றால் வரும் அடைப்பு சில நாட்களில் இறங்கிவிடும். தண்ணீர் குடியுங்கள், பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பது ஓய்வு என்று நம்பாதீர்கள். அப்போதும் தசைகள் நாணை நெருக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வகுப்பில் நாள் முழுக்கக் குரல் உயர்த்தும் ஆசிரியர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மூன்று கிழமை தாண்டியும் கரகரப்பு விடவில்லையா? காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கமெரா ஒன்றை விட்டு, 'ஈ' சொல்லச் சொல்வார்கள், பிறகு மூச்சை இழுக்கச் சொல்வார்கள். சில நிமிட வேலை. 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் நாண்களையே பார்த்தார். அதே காட்சி இன்று திரையில் தெரிகிறது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது சீழ்க்கைபோல இரைச்சல் கேட்டால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.