ராகிக் காட்டில் ஒரு சால் மொச்சை

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மழைக்காலத்தில் வீட்டுத் தோட்டம், ஆடு மாடு, சமையல், இந்த மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேண்டும். ஆனால் மூன்றுக்கும் நடுவில் ஓடுகிற பயிர் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் காட்டுக்கும் போகலாம், கொட்டகைக்கும் போகலாம், அடுப்படிக்கும் போகலாம். அது மொச்சை. ராகிக்கு நடுவே சால் விட்டு, அதாவது ஏர் ஓட்டின கோட்டில், போடுகிற மொச்சை. என்னைத் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று இப்போதே சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

ஐப்பசி பாதி தாண்டிவிட்டது. கடலோரத்து ஊர்களுக்கு நவம்பரில்தான் பெருமழை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அப்படியில்லை. நமக்குக் கொடுக்கிற மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். பென்னாகரம் ஆகட்டும், பாலக்கோடு ஆகட்டும், தேன்கனிக்கோட்டை ஆகட்டும், மானாவாரி வைத்திருக்கிறவர் கணக்கெல்லாம் அந்த இரண்டு மாத மழையில்தான் நிற்கிறது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள். ஆக, வானம் இன்னும் கொஞ்ச நாள்தான். ஆடியில் விதைத்த ராகி இப்போது கதிர் முற்றிப் பழுப்பேறி நிற்கும். அதற்கு நடுவே மொச்சை அப்போதுதான் பூ விடும். ஊதாவும் வெள்ளையுமாக.

ஏன் அப்போதுதான் பூ விடுகிறது? நம்முடைய பழைய நாட்டு மொச்சை பகல் நீளத்தைப் பார்க்கிற செடி. ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும், பொழுது சுருங்க ஆரம்பித்த பிறகுதான் பூவெடுக்கும். அதுவரை வெறும் இலையும் கொடியுமாகத் தழைத்துக்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கினவர் ஒருவர், "என்னங்க இது, உரம் போட்டும் பூக்கவே மாட்டேங்குது" என்று பிடுங்கிப் போடப் போனார். கொஞ்சம் பொறுங்கள், மார்கழியில் வந்து பேசுங்கள் என்றேன். மார்கழியில் வந்தார், பை எடுத்துக்கொண்டு.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த குத்தவரை, அதாவது செடி அவரை ரகங்கள் இப்படிப் பருவம் பார்ப்பதில்லை. எப்போது போட்டாலும் காய்க்கும். சந்தைக்குக் காய் அனுப்புகிறவர்களுக்கு அதுதான் தோது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுக்குக் கொடியும் வேண்டும், குழம்புக்குக் கொட்டையும் வேண்டும் என்றால் நாட்டு மொச்சைதான்.

விதைக்கிற முறையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் அறிவார்கள். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். ராகியைத் தூவி முடித்த பிறகு, சில அடிக்கு ஒரு சால் ஏர் ஓட்டுவார்கள். ஏர் பிடிக்கிறவர் முன்னால் போவார், பெண்கள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போட்டுக்கொண்டு போவார்கள். மொச்சை, கொஞ்சம் துவரை, ஓரத்தில் ஆமணக்கு, ஒரு பிடி கடுகு. ராகிக்கு வேர் மேலாக ஓடும், மொச்சைக்கு ஆழமாக இறங்கும். அதனால் ஒன்றின் தண்ணீரை ஒன்று பிடுங்குவதில்லை. மொச்சை வேரில் முடிச்சு இருக்கும், பிடுங்கிப் பார்த்தால் தெரியும். காற்றில் இருக்கிற தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவருவது அந்த முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர்தான். கார்த்திகையில் ராகியை அறுத்து எடுத்த பிறகுதான் மொச்சைக்கு முழு இடமும் கிடைக்கிறது. மழை நின்றுபோன காட்டில், இருக்கிற ஈரத்தையும் விழுகிற பனியையும் வைத்துக்கொண்டு தை வரைக்கும் காய்த்துக் கொடுக்கும்.

சரி, அறுத்த ராகியில் தாள் இருக்கிறது. மாட்டுக்கு நெல் வைக்கோலைவிட ராகித் தாளில் சத்து அதிகம், செரிமானமும் நன்றாக ஆகும். வருஷம் முழுக்கப் போர் போட்டு வைத்து இழுத்துப் போடலாம். அதோடு மொச்சைக் கொடியையும் காயவைத்துக் கலந்து போட்டால், பால் மாடு வைத்திருக்கிறவர்கள் கடையில் வாங்குகிற தீவனம் குறையும். மொச்சையைச் சும்மா ஒரு காய் என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இதை இன்னும் ஒருமுறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடுப்படி. பிதுக்குப் பருப்பு சாப்பிடாதவர்கள் யாராவது இந்த இரண்டு மாவட்டத்தில் இருந்தால் எனக்கு ஆச்சரியம். பச்சை மொச்சையை உரித்து, கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தோல் லேசாக நெகிழ்ந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு. பருப்பு வெளியே குதிக்கும், தோல் கையில் நிற்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு படி பிதுக்கிப் பாருங்கள், விரல் சொல்லும்.

என் மாமியார் வீடு பாலக்கோட்டுக்கு மேற்கே. நான் கல்யாணமாகி வந்த புதிதில், சாயங்காலம் கரண்ட் போனால் தெருவே எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். நடுவில் ஒரு அரிக்கேன் விளக்கு, சுற்றிலும் முறம், ஆளுக்கொரு கிண்ணம் ஊறின மொச்சை. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும், அது பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் பேசும். மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் அலுமினியத் தட்டில் பருப்பு விழுகிற சத்தத்தை வைத்து, "யாருடி அது, தோலோட போடறது?" என்று கேட்பார். சரியாக அங்கே ஒரு பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பையன்களை அந்த வட்டத்தில் சேர்க்கவே மாட்டார். பையன்கள் பருப்பைக் குறிபார்த்து எதிரில் இருக்கிறவள் மூக்கில் அடிப்பார்கள், எங்களுக்குத் தெரியாதா!

அந்தத் திண்ணைக்குத் தவறாமல் வருகிற தாத்தா ஒருவர் உண்டு. நாலைந்து ஆடு வைத்திருந்தார், எல்லாம் கருப்பு. சேலம் கருப்பு என்று இன்றைக்குப் புத்தகத்தில் போடுகிறார்களே, அந்த இனம். பேரில்தான் சேலம், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குச் சொந்த ஊர்தான். "ஏம்மா, தோல் இருக்குதா?" என்று கேட்டபடி வருவார். ஆட்டுக்காம். தோல் சேரும்வரை உட்கார்ந்திருப்பார். தோல் சேருவதற்குள் குழம்பு கொதித்துவிடும். மாமியார், "அண்ணே, ஒரு வாய் களி தின்னுட்டுப் போங்க" என்பார். "வேணாம்மா, வீட்ல ஆக்கியிருக்கா" என்று சொல்லிக்கொண்டே துண்டை உதறி உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் மழை பெய்து ஆட்டை வெளியே விடவில்லை, தீனிக்கு முருங்கைத் தழை வெட்டிப் போட்டிருந்தார். அன்றைக்கும் வந்தார். "இன்னிக்கு ஆடு தோல் திங்காதே அண்ணே" என்றார் மாமியார். தாத்தா கொஞ்சம்கூட அசரவில்லை. "ஆடு திங்காதும்மா, நான் திங்கறேனே" என்றார்.

குழம்புக்குப் பெரிய பக்குவம் ஒன்றும் இல்லை. வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஒரு துண்டு பட்டை, மல்லித்தூள், மிளகாய்த்தூள், தக்காளி. கடைசியில் தேங்காய் அரைத்து ஊற்றினால் போதும். கறிக் குழம்பில் சேர்க்கிற வீடும் உண்டு. ஒன்றே ஒன்று கவனியுங்கள். காய்ந்த கொட்டையில் செய்வதானால் ராத்திரி முழுக்க ஊறவேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றைப் பாடாய்ப் படுத்தும்.

இதற்குத் துணை களி. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அரிசியில் 10 ஒட்டித்தான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் வருஷத்தைச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அதே வருஷம் நம் தருமபுரி மாவட்டத்து நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் களி கிண்டத் தெரிந்த கை வீட்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டுமே? நொய்யைக் குழைய வேகவிட்டு, கொதிக்கிற அதன் நடுவில் மாவைக் குவித்துக் கொட்டி, துடுப்புக் காம்பால் ஒரு குழி குத்தி, மூடிவைத்து வேகவிடுங்கள். உடனே கிண்டினால் கட்டி தட்டும். மாவு வெந்து வாசம் வந்த பிறகு பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுங்கள். கை வலிக்கும்வரை கிண்ட வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. குக்கரில் செய்கிறேன் என்கிறாள் என் மருமகள். செய்கிறாள். நானும் சாப்பிடுகிறேன். வேறொன்றும் சொல்லப்போவதில்லை.

கொட்டகைப் பக்கம் வருவோம். மழைக்குப் பின் பச்சை பசேலென்று புல் முளைத்திருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆபத்தே அதில்தான். வெறும் வயிற்றோடு ஆட்டை இளம்புல்லில் விட்டால் வயிறு உப்பும். திடீரென்று துள்ளி விழுந்து செத்துப்போகிற துள்ளுமாரி நோயும் இந்தக் காலத்தில்தான் வரும். அதற்குத் தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், போடாதவர்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் ராகித் தாளோ காய்ந்த கொடியோ போட்டு, பனி உலர்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுங்கள். பனி ஈரத்தில்தான் குடற்புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் வந்தால் இறங்கிவிடும். வெள்ளென ஆட்டை ஓட்டினால் புழுவையும் சேர்த்து மேய்த்துக்கொண்டு வருகிறீர்கள். செம்மறி வைத்திருக்கிறவர்கள் வாய் வீங்குகிறதா, நாக்கு நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். அது நீலநாக்கு நோய், சின்னக் கொசு மாதிரிப் பூச்சியால் பரவுவது. கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், சாயங்காலம் வேப்பந்தழைப் புகை போடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார். தோட்டத்தைப் பற்றி இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை!

சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரைக் கொடி நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டிருக்குமே அசுவினி, அதற்குக் கடை மருந்துக்கு ஓடாதீர்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, வடிகட்டி, துளி சோப்பு கலந்து தெளியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள், அசுவினியை எறும்புதான் காபந்து பண்ணும். பூசணி, பீர்க்கனில் பிஞ்சு வெம்பி விழுந்தால், அடைமழையில் தேனீ வரவில்லை என்று அர்த்தம். பூசணியில் காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, பிஞ்சோடு இருக்கிற பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும், அதற்கு அந்த நேரத்தில் செய்யுங்கள்.

இப்போது ஒரு விரல்.

தக்காளியும் பூவும் போட்டு நாலு காசு பார்க்கிறவர்களை ராகிக்குத் திரும்பு என்று நான் சொல்லவில்லை. தக்காளி விலை விழுகிற வருஷம் பாலக்கோட்டுச் சந்தையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வேலி ஓரத்தில் நீளமாக ஒரே ஒரு சால் மொச்சை போடுங்கள், அதுதான் நான் கேட்பது. விதைக்கு முற்றின காயைச் செடியிலேயே காயவிட்டு எடுங்கள். சாம்பல் கலந்து பானையில் கட்டிவைத்தால் ஆடிக்கு வண்டு இல்லாமல் வரும்.

கோழியை விட்டுவிட்டேனே. குஞ்சு பொரித்த ஏழாம் நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பெரிய கோழிக்கு ஊசி தனி. கொள்ளு இன்னும் விதைக்காதவர்கள் இந்த ஈரத்திலேயே விதைத்துவிடுங்கள். கொள்ளு ரசம் வைக்கிற விதம் சொல்வதாக இருந்தேன், தம்பி எழுந்தே நின்றுவிட்டார். வணக்கம்.