நல்ல மனிதர்கள் கையில் கல்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறுகதைக்காக ஜனங்கள் கொதித்துப்போவது கடலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. நம்மூர் ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதியபோது எழுந்த சண்டை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நான் பேச வந்தது அதற்கும் முன்னால் அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பற்றி.

1948 ஜூன் 26-ஆம் தேதியிட்ட 'நியூ யார்க்கர்' இதழில் ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'தி லாட்டரி' என்ற சிறுகதை வந்தது. முந்நூறு பேர் வாழும் ஊர். நல்ல வெயில் அடிக்கும் காலை. பையன்கள் கல் பொறுக்கிக் குவிக்கிறார்கள். ஆண்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசுகிறார்கள். கறுப்புப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் சீட்டு எடுக்கிறார். கறுப்புப் புள்ளி வைத்த சீட்டு விழுந்த குடும்பத்துக்குள் மறுபடி சீட்டு. கடைசியில் அந்தப் புள்ளி டெஸ்ஸி ஹட்சின்சன் என்ற பெண்மணிக்கு விழுகிறது. பாத்திரம் கழுவிவிட்டுத் தாமதமாக, சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர். ஊரே சேர்ந்து அவரைக் கல்லால் அடிக்கிறது. அவருடைய சின்ன மகன் கையிலும் யாரோ கூழாங்கல் கொடுக்கிறார்கள்.

அந்தக் கோடையில் 300-க்கும் மேல் கடிதங்கள் வந்தன. கனிவானவை 13 மட்டுமே, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று ஜாக்சனே பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். பெற்ற தாயே கதை பிடிக்கவில்லை என்று எழுதினார். தென்னாப்பிரிக்காவில் கதைக்குத் தடை.

ஏன் இவ்வளவு கோபம்? ரத்தத்துக்காக இல்லை. உலகப் போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. இதைவிடப் பெரிய கொடுமைகளைச் செய்தித்தாளில் படித்தவர்கள்தான் அவர்கள். ஆனால் அவற்றைச் செய்தவன் எங்கோ இருந்தான், அவனைத் திட்டிவிட்டுத் தூங்கலாம். இந்தக் கதையில் அப்படித் திட்ட ஆள் இல்லை. நிலக்கரி வியாபாரி, போஸ்ட் மாஸ்டர், பக்கத்து வீட்டு அம்மா, அவ்வளவு பேரும் நல்லவர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற அவசரம் வேறு. எதற்காக இதைச் செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பழைய சடங்கில் பாதி மறந்துபோயிற்று, கல் மட்டும் மறக்கவில்லை. ஒரு காரணம் சொல்லியிருந்தால் வாசகர் அதை மறுத்து நிம்மதி அடைந்திருப்பார். ஜாக்சன் அந்த வழியை அடைத்துவிட்டார். அதுவும் தான் வாழ்ந்த ஊரையே மனத்தில் வைத்து எழுதினார்.

கோபப்பட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தைத்தது, கத்தினார்கள். என்னை உலுக்கியது வேறு வகைக் கடிதங்கள். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள்! கல்லை எடுக்க மாட்டார்கள், சரி. ஆனால் வேடிக்கை பார்க்க இடம் பிடிப்பார்கள்.

2003-இல் நம் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில், சாதி மீறி மணந்த ஓர் இளம் ஜோடியை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அன்றைக்கும் அந்த ஊரில் மாடு கறந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருப்பார்கள். அதனால்தான் அமெரிக்கக் கதை என்று இதை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. சின்னக் கதைதான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்துவிட்டு வாருங்கள், கோபம் வந்தால் அதை இந்த மேடையிலேயே பேசுவோம்.