பழகிய கையை மாற்றாதீர்கள்

(உலக சிறுநீரக நாள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற டயாலிசிஸ் செவிலியர் ஒருவர் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் மாவட்ட ஆட்சித்தலைவர் அம்மா அவர்களே, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைக் கொண்டுபோய்விட்ட சிறுநீரக மருத்துவர் ஐயா அவர்களே, ஆறாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் என் பழைய நோயாளிகளே, அவர்களைக் கூட்டி வந்திருக்கும் வீட்டுக்காரம்மாக்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மாதர் சங்கத்துக்குத் தனியாக நன்றி. துணிக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று போன வருஷமே சொன்னேன். சரி, இருக்கட்டும்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பார்கள். உப்பிட்டவரை நாம் நினைக்கிறோமோ இல்லையோ, தின்ற உப்பைச் சிறுநீரகம் உள்ளளவும் நினைக்கும். முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

இன்று மூன்று விஷயம் பேசுகிறேன். பிசிஷியன் அசிஸ்டென்ட், நர்ஸ் பிராக்டிஷனர் என்கிறார்களே, அவர்கள் யார்? சிறுநீரக நோயாளிக்கு அவர்களால் என்ன லாபம்? மூன்றாவது, அவர்களுக்கான சட்டமும் சம்பளமும்.

டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பரிசோதித்துக் கவனிக்கப் படித்தவர் பிசிஷியன் அசிஸ்டென்ட். அதே மாதிரி வேலைக்கு மேற்படிப்பு படித்த நர்ஸ்தான் நர்ஸ் பிராக்டிஷனர். இவர்கள் எப்படி வந்தார்கள்? அமெரிக்காவில் டாக்டர் பற்றாக்குறை இருந்த காலம். 1965இல், ஒரே வருஷத்தில், இரண்டு ஊரில் இரண்டு யோசனை பிறந்தது. கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்து டாக்டர் யூஜீன் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நாலு பேரைப் பிடித்து உட்காரவைத்து, பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு சொல்லிக்கொடுத்தார். 1967இல் மூன்று பேர் தேறி வெளியே வந்தார்கள். நமக்கும் இது புதிதில்லை. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கிவைத்தார். இதயத்துக்கு வந்தது சிறுநீரகத்துக்கும் வரத்தானே வேண்டும்?

டயாலிசிஸ் என்பது சிறுநீரகம் செய்ய முடியாமல் போன வேலையை இயந்திரம் செய்வது, ரத்தத்தைச் சுத்தம் செய்வது. வாரம் மூன்று முறை, நாலு நாலு மணி நேரம். ஆக மொத்தம் 12 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 156 மணி நேரம் நோயாளி வீட்டில், சமையல்கட்டுக்குப் பத்தடி தூரத்தில் இருக்கிறார். நம் ஊரில் பலர் இரண்டு முறைதான் வருகிறார்கள், அவர்களுக்கு இன்னும் மோசம். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், ரிப்போர்ட்டைப் பார்ப்பார், மருந்தை மாற்றுவார். அவருக்கு இருபது கட்டில். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 2004இல் ஒரு விதி கொண்டுவந்தது. டயாலிசிஸ் நோயாளியை மாதம் நாலு தடவை பார்த்தால்தான் அதிகபட்சக் கட்டணம். டாக்டர் மட்டுமல்ல, பிசிஷியன் அசிஸ்டென்டும் நர்ஸ் பிராக்டிஷனரும் அப்படிப் பார்க்கலாம்.

அப்படிப் பார்ப்பதில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் கண்டக்டர் ஐயா கதையைச் சொல்கிறேன். பஸ்ஸில் விசிலடித்து ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமை திங்கட்கிழமை நாலு கிலோ ஏறி வருவார். அவ்வளவும் தண்ணீர். மூச்சு வாங்கும், கால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். டாக்டர், “தண்ணியைக் குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பார். இவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார்: “ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் சார்.” அவர் வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அப்போது பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்த பெண் ஒருத்தி எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு, “தாத்தா, விடிஞ்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றாள். அவர் பஸ் ரூட் சொல்வதுபோல ஆரம்பித்தார். காலையில் நீராகாரம் ஒரு சொம்பு. பத்து மணிக்கு மோர். மத்தியானம் ரசத்தில் மிதக்கவிட்ட சோறு. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் நாலு. ராத்திரி கஞ்சி, அதற்குக் கருவாடு. “தாத்தா, நீராகாரம்?” “அது ஆகாரம்மா. பேர்லயே இருக்கே!”

வார்டே சிரித்தது. மனுஷன் பொய்யே சொல்லவில்லை. தண்ணீரைத்தானே எண்ணச் சொன்னோம், எண்ணினார்! மோர்மிளகாயும் கருவாடும் உள்ளே போனால் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை! அந்தப் பெண் அந்தம்மாவை வரச்சொல்லி, ஒரு சொம்பைக் காட்டி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கோடு போட்டுக்கொடுத்தாள். மோர்மிளகாய் டப்பாவைப் பேரன் பரண்மேல் ஏற்றிவிட்டான். அடுத்த மாதம் இரண்டரை கிலோவுக்கு வந்தார். டாக்டரும் அதைக் கேட்டிருப்பார், அந்த இருபது நிமிஷம் அவரிடம் இருந்திருந்தால்.

இப்போது நான் எங்கே வருகிறேன் என்று இணை இயக்குநர் ஐயாவுக்குத் தெரியும், அதனால்தான் மணியைப் பார்க்கிறார். புதுப் படிப்பு வரட்டும், புதுப் பதவி வரட்டும். இருப்பவர்களை என்ன செய்கிறோம்? நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நன்றாகப் பழகிய டயாலிசிஸ் நர்ஸை, சுழற்சி முறை என்று சொல்லிப் பிரசவ வார்டுக்கு அனுப்பினார்கள். அவள் இடத்துக்கு வந்தது நல்ல பிள்ளைதான், ஆனால் ஃபிஸ்டுலாவைத் தொட்டதே இல்லை. ஃபிஸ்டுலா தெரியுமல்லவா? ஊசி போடத் தோதாக, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பது. அதன்மேல் விரலை வைத்தால், மடியில் பூனை படுத்திருக்கும்போது வருமே, அப்படி ஒரு அதிர்வு வரும். அது நின்றுவிட்டால் ஆபத்து. அந்த அதிர்வைப் படிக்க விரலுக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். புதுப் பிள்ளை குத்திய ஊசி ரத்தக்குழாயைத் தாண்டிப் போய், ஓர் அம்மாவுக்கு முழங்கை வரை கறுத்து வீங்கிவிட்டது. மூன்று வாரம் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தோம். நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதிலே இல்லை. இத்தனை வருஷம் அந்த வார்டின் உப்பைத் தின்றவள், எப்படிச் சும்மா இருப்பேன்?

வேண்டியது இவ்வளவுதான். டயாலிசிஸில் பழகியவரை, அவராகக் கேட்டாலொழிய, ஐந்து வருஷத்துக்கு வேறு வார்டுக்கு மாற்றக்கூடாது. சிறுநீரகத்தில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியருக்கு ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் தனிப் பணியிடம் வேண்டும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்கிற நேரமும் அவருக்கு வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது விஷயம், சட்டமும் சம்பளமும், அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். டாக்டர், நர்ஸ் அல்லாத மருத்துவப் பணியாளர்களுக்காக 2021இல் வந்த மத்திய சட்டத்தில் பிசிஷியன் அசிஸ்டென்டுக்கும் டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆட்சித்தலைவர் அம்மாவுக்குத்தான் எழுதியிருக்கிறோம், அதனால் அவர்களைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போடலாம். பக்கத்திலேயே மோர் வைத்திருக்கிறார்கள். உப்புப் போடவில்லை. ஆறாவது வரிசைக்காரர்களுக்கு அரை டம்ளர்தான், கண்டக்டர் ஐயா, உங்களையும் சேர்த்துத்தான். வணக்கம்.